தடித்த எழுத்துக்கு உரியவர்கள்

எங்கள் தீவுகளில் ஒருவர் இறந்தால் முதலில் அவருடைய பெயர் தடிக்கும். உடல் இன்னும் வீட்டு மண்டபத்தில் கிடக்கும்போதே அச்சகத்தில் அந்தப் பெயர் தடித்த எழுத்தில் ஏறிவிடும். பொழுது சாய்வதற்குள் அது சந்திக் கடையின் சுவரிலும் மின்கம்பங்களிலும் இறங்குதுறைத் தகரத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். வாக்காளர் இடாப்பிலும் மருந்துச் சிட்டையிலும் வாழ்நாள் முழுவதும் மெலிந்து கிடந்த பெயர், ஓடும் பேருந்தின் யன்னலோரத்தில் இருப்பவரும் வாசிக்கும்படி கறுத்துப் பருத்து நிற்கும்.

அந்த எழுத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கரம்பொன்னில் இருக்கும் நான், சுற்றியுள்ள ஊர்களில் எவரேனும் சிவபதமடைந்தால் கல்வெட்டுக்குப் பாட்டெழுதிக் கொடுப்பவன். வெளியூர் வாசகர்கள் கல்வெட்டு என்றதும் கோயிற் சுவரை நினைக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது இறந்தவரின் நினைவாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் சிறு புத்தகம். முதற் பக்கத்தில் படம். அதன் கீழே திதி வெண்பா. இறந்த ஆண்டும் மாதமும் பிறையும் திதியும் அந்த நான்கு அடிக்குள் அடங்கிவிட வேண்டும். பிள்ளைகள் ஆண்டுதோறும் திவசம் செய்யும் நாளை அதைப் பார்த்தே அறிவார்கள். அடுத்து அடியார்கள் அருளிய பதிகங்கள், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியாகக் குடும்பத்தார் பெயர்கள். பாட்டெழுதுவதோடு அச்சுப்படியைத் திருத்திக் கொடுப்பதும் என் பொறுப்பாகிவிட்டது. ஆகவே எழுத்துகளின் முகத்தை நான் மனிதருடைய முகத்தைப் போலவே அறிவேன்.

தடித்த எழுத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே பருமனாக, கயிற்றை வளைத்து வைத்தாற்போல் இருப்பது. கடைப் பெயர்ப்பலகைக்கு அது போதும். மற்றது பாதம் வைத்த எழுத்து. அதில் கீழ்நோக்கி இறங்கும் கோடு தூணைப் போலப் பருத்திருக்கும். வளையும் இடத்தில் சட்டென்று மெலிந்து, திரும்பியதும் மீண்டும் பருக்கும். கோடு முடிகிற இடத்தில் அது வெறுமனே அறுந்துவிடாது. ஒரு சிறு பாதத்தை அகட்டி வைத்துக் கொண்டு நிலத்தில் ஊன்றி நிற்கும். ‘ப’ எழுத்தின் இரண்டு தோள்களிலும் இரண்டு சிறு முனைகள் இருக்கும். ‘ர’ எழுத்தின் கால் உளியால் சாய்த்துச் செதுக்கியதுபோல் முடியும். இறந்தவர் பெயருக்கு எங்கள் அச்சகத்தார் இந்த இரண்டாவது சாதியைத்தான் எடுப்பார்கள். பெரிதாக அச்சிடும்போது அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. சிறிதாக்கினால் ‘ண’ எழுத்தின் சுழிகள் அடைபட்டுப்போகும். ‘ஞ’, ‘இ’ போன்றவை மைக்கட்டிகளாகிவிடும். அந்த எழுத்தில் பதிகம் அச்சிட எவராவது சொன்னால் நான் உடன்படுவதில்லை. பாட்டின் எழுத்துகளுக்குள் காற்றுப் போய்வர வேண்டும்.

அதை வேறெங்கே காண்கிறோம்? கொடியேற்ற அறிவித்தலில் காண்கிறோம். தேவாலயப் பெருநாள் பிரசுரத்தில் புனிதருடைய பெயராகக் காண்கிறோம். காற்றுக் காரணமாக நெடுந்தீவுப் படகு இன்று புறப்படாது என்ற தாளில் காண்கிறோம். மீளக் குடியேறிய காலத்தில் வடலிக் காணிகளின் ஓரத்தில் மண்டையோட்டுப் படத்தின் கீழே ‘மிதிவெடி’ என்று அதே எழுத்துத்தான் நின்றது. கட்டளையிடவும் எச்சரிக்கவும் இறப்பை அறிவிக்கவும் அந்த எழுத்தால் முடியும். அது எதையும் இரந்து கேட்டு நான் கண்டதில்லை.

ஓலையிலே இந்தப் பேதம் இருந்ததில்லை. எழுத்தாணி கீறிய ஆழம் ஆண்டவன் பெயருக்கும் அடியான் பெயருக்கும் ஒன்றுதான். பூசிய கரியும் ஒன்றுதான். அச்சு வந்த பிறகுதான் பெயருக்கு எடை வந்தது. அந்த எடையைக் கொண்டு எங்கள் தீவு அச்சகங்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கின. கல்வெட்டின் குடும்பப் பக்கத்தில் காலஞ்சென்ற உறவினர் எல்லாரும் பாதம் வைத்த தடித்த எழுத்தில் வருவார்கள். உயிரோடிருப்பவர்கள் மெல்லிய எழுத்தில் வருவார்கள். உயிரோடிருப்பவர் வெளிநாட்டில் இருந்தால் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரும் வரும். யார் போனார்கள், யார் இருக்கிறார்கள், இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த வழக்கம் யாருக்கும் இடைஞ்சலாக இருந்து நான் கண்டதில்லை, என் தங்கையின் கணவர் இறக்கும்வரை.

மைத்துனர் சென்ற ஆவணியில், நீண்ட நாள் சிறுநீரக நோய்க்குப் பின், சுருவிலில் தமது வீட்டிலேயே காலமானார். தங்கைக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவன் கனடாவில் இருக்கிறான். இளையவன் போரின் கடைசி நாள்களில், வன்னியில், தாய் தகப்பனோடு போர்ப்பகுதியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தபோது சனக்கூட்டத்தில் பிரிந்தான். பேருந்து ஒன்றில் அவன் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. அன்று தொடங்கி என் தங்கை போகாத அலுவலகம் இல்லை. அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காத தெருவும் இல்லை. சோதிடர், பாதிரியார், அம்மன் கோயிற் பூசகர் என்று எல்லாரிடமும் கேட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொல்லக்கூடிய பதில் அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

மரண அறிவித்தலை எழுதுவதற்காக நான் கதிரையொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தங்கை கணவரின் தலைமாட்டில் இருந்தாள். அவளுடைய மூத்த மகன், என் மருமகன், கனடாவிலிருந்து தொலைபேசியில் இருந்தான்.

“மாமா, தம்பியின்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடுங்கோ. இனியும் சும்மா விடேலாது.”

தங்கை நிமிராமலே கேட்டாள்: “ஆர் கண்டது? நீ கண்டனியோ?”

மறுமுனையில் அவன், “அம்மா, உது ஸ்பீக்கரிலையோ கிடக்கு?” என்றான்.

“ஓம். கொப்பரும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார். சொல்லு.”

பிறகு அவளே என்னைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணை, மூத்தவன்ரை பேருக்குப் பக்கத்திலை கனடா எண்டு போடுங்கோ. சின்னவன்ரை பேரைச் சும்மா போடுங்கோ. பக்கத்திலை ஒண்டும் வேண்டாம்.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அதனால் சிக்கல் எதுவும் வரவில்லை. மின்கம்பத்தில் ஒட்டுகிற தாள் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக அதில் முழுவதையும் தடித்த எழுத்திலேயே அடிப்பார்கள். இறந்தவர், இருப்பவர், தகனம் நடக்கும் சுடலை எல்லாமே ஒரே கறுப்பு. நாட்டின் பெயர் இல்லாமல் ஒரு பெயர் நின்றதை எவரும் கவனித்துக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கல்வெட்டுக்கென்று மிச்சமாகிவிட்டது.

எட்டாம் நாட் கிரியையான எட்டுச் செலவு முடிந்த கையோடு மருமகன் தானே ஒரு முகப்பு வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தகப்பனுடைய படமும் தம்பியுடைய படமும் அருகருகே இருந்தன. இரண்டின் கீழும் சுடர். இரண்டு பெயர்களும் பாதம் வைத்த தடித்த எழுத்தில், ஒரே அளவில். திதி வெண்பாவுக்கென்று இரண்டு வெற்றிடங்கள் விட்டிருந்தான். அன்று மாலை என்னை அழைத்தான்.

“சின்னவனுக்கு ஒரு திதி நான் எங்கை போய் எடுக்கிறது?” என்று கேட்டேன்.

“பிரிஞ்ச நாளையே திதியா வையுங்கோ மாமா. கனபேர் அப்பிடித்தான் செய்யினம்.”

“கொம்மா உயிரோடை இருக்கிறா.”

“அதுக்காண்டி அவன் தண்ணியில்லாமல் அலையிறதோ?” என்றான். “அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவும் என்னாலை வரேலாமப் போச்சு. அந்தியேட்டிக்கு எப்பிடியும் வந்திடுவன். வந்து ரண்டு பேருக்கும் சேத்துச் செய்து முடிச்சிட்டுப் போறன். எனக்கும் வயசு போகுது, மாமா. எனக்குப் பிறகு இஞ்சை வந்து அவனுக்கு ஆர் எள்ளுத்தண்ணி இறைக்கிறது? என்ரை பெட்டையளோ? அவையளுக்கு எள்ளெண்டால் என்னெண்டே தெரியாது.”

அவனைக் கல்நெஞ்சன் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். இறந்த உயிருக்கு நீரும் எள்ளும் மறுப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். அதை அவனுக்குச் சொல்லி வளர்த்தவர்களில் நானும் ஒருவன். உயிரோடிருக்கும் ஒருவனுக்குப் பிதிர்க்கடன் செய்வது அவனுடைய ஆயுளை அறுப்பது என்பதையும் நாங்களே சொன்னோம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவனுடைய தாய். இரண்டும் ஒரே சமயத்தின் சொற்கள். அன்றிரவு பூசை அறையில் பதிகம் சொல்லத் தொடங்கினேன். பாதிப் பாட்டில் அடுத்த அடி வரவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கத்தில் அதற்கு முன் அப்படி நேர்ந்ததில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு அப்படியே இருந்தேன்.

மைத்துனருக்கு மட்டும் வெண்பா எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் பேருந்தேறினேன்.

அச்சகம் நடத்துபவர் கத்தோலிக்கர், பரம்பரையாகக் கடற்றொழில் செய்த குடும்பம். அவருடைய மகள் கணினியில் பக்கங்களை அமைப்பாள். என்னைக் கண்டதும் அவர் சிரித்தார்.

“வாங்கோ ஐயா, வாங்கோ. உங்கடை ஆக்கள் சீவன் போனாப் பிறகெல்லே பாட்டுக் கட்டுவிக்கினம். எங்கடை ஆக்கள் கடலுக்குள்ளை நிண்டு பாடிப்போட்டுப் போய்ச் சாகிறாங்கள்.”

“பாட்டு நல்லா இருந்தால் மீன் வருமோ தம்பி?”

“எங்கை? அதுகும் உங்கடை வெண்பாவைக் கேட்ட மாதிரித் திரும்பி ஓடுது.”

“அப்பா!” என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, கனடாவிலையிருந்து வந்ததிலை ரண்டு பேரும் தடிப்பு. நீங்கள் எழுதித் தந்ததிலை தேப்பன் தடிப்பு, மகன் மெல்லிசு. நான் எதைப் போடுறது?”

“தாய் சொன்னதைப் போடு பிள்ளை.”

அச்சகத்தார் தம்முடைய கதிரையை எனக்குத் தந்துவிட்டு மேசையில் சாய்ந்து நின்றார். பகடி குரலிலிருந்து போய்விட்டது. “எங்கடை பெரியப்பாவைக் கடல்தான் கொண்டுபோனது, ஐயா. ஒரு வருசம் பாத்தம். பிறகு பூசை ஒப்புக்குடுத்து, ஒண்டும் வைக்காமல் வெறுங் கல்லறையைக் கட்டிப் பேரை வெட்டுவிச்சம். இந்த எழுத்திலைதான், கால் வைச்ச எழுத்திலை. பெரியம்மாவும் சம்மதிச்சவ. கடலெண்டால் எங்கை போனதெண்டு தெரியும் தானே. காலமை எழும்பினால் முன்னுக்குக் கிடக்குது. உந்த மனுசி எதைப் பாத்துச் சம்மதிக்கிறது?”

மகள் குடும்பப் பக்கத்தை அமைத்தாள். எங்கள் தாய் தகப்பன், மைத்துனருடைய தாய் தகப்பன், மைத்துனர் ஆகியோர் தடித்த எழுத்தில் மேலே நின்றார்கள். கீழே மெல்லிய எழுத்தில் தங்கை, மூத்தவன், அவன் மனைவி பிள்ளைகள், இளையவன். அந்த மெல்லிய எழுத்துக்கும் பாதங்கள் உண்டு. தடித்த எழுத்தின் கூடப்பிறந்தது அது, எடைதான் வேறு. அடைபட்ட சுழி எதுவும் இல்லை, பெயர்கள் ஒழுங்காக இருந்தன. ஓர் அச்சுப்படி எடுத்துத் தரச்சொல்லி, அதோடு சுருவிலுக்குப் போனேன்.

தங்கை விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்குப் போய், மூக்கில் முட்டும்வரை அதைக் கிட்டக் கொண்டுபோனாள். அவளுக்குக் கண்புரை இருப்பது எனக்குத் தெரியும். கணவருடைய நோய்க்காலத்தில் சத்திரசிகிச்சையைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எவ்வளவு முற்றியிருந்தது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

“எங்கடை ஐயா,” என்று வாசித்தாள். “அம்மா. மாமா. மாமி. இவர்.” பிறகு தாளை மேலும் கீழுமாக அசைத்தாள். “அதுக்கங்காலை வெறுங் கடதாசி.”

“கீழை பார். பேரெல்லாம் கிடக்கு.”

“இல்லை.”

“கிடக்கு பிள்ளை. கடைசி வரியிலை அவன்ரை பேர் கிடக்கு.”

“இல்லை அண்ணை. நீங்கள் மூத்தவனோடை சேந்து என்ரை பிள்ளையை எடுத்துப்போட்டியள்.”

அவளுடைய விரலைப் பிடித்து அந்த வரியின் மீது வைத்தேன். விரலை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்; மீண்டும் வைத்துத் தடவினாள். அச்சு மையில் தடவுவதற்கு என்ன இருக்கிறது?

“இதிலையோ?”

“ஓம்.”

“ஒரு கறுப்பும் தெரியேல்லையே.”

“உன்ரை பேரும் அதிலைதான் கிடக்கு. அதுகும் உனக்குத் தெரியேல்லைத்தானே?”

“என்ரை பேர் கிடந்தென்ன, விட்டென்ன.”

அந்தத் தாளில் அவளுடைய கண்ணுக்கு இறந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். அச்சகத்தை அழைத்து நிலைமையைச் சொன்னேன். மகள்தான் பேசினாள். மெல்லிய எழுத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் அந்த அம்மாவின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் இறந்த தகப்பனாருடைய பெயரை மீறிப் போய்விடும், பார்ப்பவர்கள் வேறுவிதமாக நினைப்பார்கள் என்றாள். தாயிடம் கொடுக்கும் ஒரு பிரதியில் மட்டும் அந்தப் பெயரைத் தடிப்பில் அடித்துத் தரவும் தன்னால் முடியும் என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். இரண்டையும் தங்கையிடம் சொன்னேன்.

சுளகிலிருந்த அரிசியைக் குருவிகள் கொத்த வந்தன, அவள் விரட்டவில்லை.

“எனக்கெண்டு ஒண்டு வேறையா வேண்டாம்,” என்றாள் பிறகு. “தடிப்பிலை கிடந்தால் நான் வாசிச்சுப்போடுவன். வாசிச்சால் ஒத்துக்கொண்ட மாதிரி. அது மெல்லிசாவே கிடக்கட்டும், மற்றப் பேருகள் கிடக்கிற அளவிலை. நான் காணாட்டிலும் காணுற சனம் காணட்டும்.”

அப்படியே அச்சிட்டார்கள்.

மருமகன் அந்தியேட்டிக்கு முதல்நாள் வாடகை வான் ஒன்றில் வந்து சேர்ந்தான். தாயைக் கட்டிக்கொண்டு அழுதான். கல்வெட்டுக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். மூடித் திரும்ப வைத்தான். அவன் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நான் எண்ணினேன்.

அந்தியேட்டிக்குப் பலர் கீரிமலைக்குப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் தீவின் கரையிலேயே செய்வது. மறுநாட் காலை ஆண்களாகச் சிலர் போனோம். தங்கை வீட்டில் படையலுக்குரிய வேலையைப் பார்க்க நின்றுவிட்டாள். கடல் வற்றிக் கிடந்தது. முழங்கால் நீருக்காக வெகுதூரம் சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. குருக்கள் கரையில் பலகையில் இருந்தபடி உரத்த குரலில் சொல்ல, மருமகன் தர்ப்பை அணிந்த கையால் எள்ளும் நீரும் இறைத்தான். தகப்பனுக்கு, பாட்டனுக்கு, பூட்டனுக்கு. பிறகு தாய்வழியில். நான் துணையாக அவன் அருகே நீரில் நின்றேன்.

“வேறை ஆருக்கும் இறைக்கவேணுமோ?” என்று குருக்கள் கேட்டார். பிள்ளையில்லாமல் போன சிறிய தகப்பன்மார், மாமிமாருக்காக எல்லாக் குடும்பங்களிலும் கேட்கும் வழக்கமான கேள்வி அது.

“ஓம்,” என்றான் மருமகன். தம்பியுடைய பெயரைச் சொன்னான்.

குருக்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியாது. அவர் வேலணையில் இருந்து வந்தவர். பெயரை வாங்கி மந்திரத்தில் வைத்துச் சொன்னார். அதே சுரத்தில், அதே இழுவையில். பாட்டனுடைய பெயருக்குக் கொடுத்த அழுத்தத்தையே அதற்கும் கொடுத்தார். குரலில் மெல்லியது தடித்தது என்று இரண்டு அச்சு இல்லை. மருமகனுடைய கையிலிருந்து எள் விழுந்து நீரில் பரந்தது. அவன் தோள்கள் குலுங்கின. கோயிலில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பதிகம் பாடுபவன் நான். எனக்குச் சத்தம் வரவில்லை. நிறுத்தச் சொல்வதா, அவனை அணைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை குசினி வாசலுக்கு வந்தாள். என் வேட்டியின் ஈரத்தைப் பார்த்தாள்.

“அவன் கரையிலை தம்பிக்கும் இறைச்சவனோ?”

“ஓம்.”

“பேர் சொல்லியோ?”

“ஓம், பேர் சொல்லித்தான்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள் அண்ணை?”

“தண்ணிக்குள்ளை நிண்டனான்.”

அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள். பாத்திரங்கள் வைக்கும் ஒலி கேட்டது. படையல் நடந்தது, பதிகம் பாடினோம், தீபம் காட்டியபோது அவளும் வந்து கும்பிட்டாள். மூத்த மகனுக்குத் தன் கையாலேயே சோறு போட்டாள். கறி இன்னும் கொஞ்சம் போடட்டோ என்றும் கேட்டாள். சாப்பாடு முடிந்து சனம் எழும்பத் தொடங்கியபோது கல்வெட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசற் படலைக்குப் போய் நின்றாள். கணவனை இழந்தவள் அன்றைக்கு அப்படிப் படலையில் போய் நிற்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. யாரும் தடுக்கவில்லை.

போகிற ஒவ்வொருவருக்கும் அவளே கொடுத்தாள். கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தை விரித்து, தடவித் தடவிக் கணவருடைய கறுத்த பெயரைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே விரலை இறக்கிக்கொண்டே போய்ப் பக்கத்தின் அடியில் நிறுத்தினாள்.

“இதிலை ஒரு பேர் கிடக்கு. எனக்குக் கண் தெரியாது. வாசிச்சுச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் வாசிப்பதா விடுவதா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் முணுமுணுத்தார்.

“கேக்கேல்லை,” என்றாள் தங்கை.

அவர் சத்தமாகச் சொன்னார்.

பின்னால் வந்த அயல்வீட்டுப் பெண் அந்தத் தெருவிலேயே பெரிய வாய்க்காரி. புத்தகத்தை எட்டப் பிடித்து, கோயிலில் ஏலம் கூறுவதுபோல அவனுடைய பெயரைச் சொல்லிவிட்டு, “அக்கா, அவன் வந்தால் என்னட்டை வாங்கின காத்தடிக்கிற சைக்கிள் பம்மைத் தரச் சொல்லுங்கோ,” என்றாள். தங்கை சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு நான் அவளிடம் சிரிப்பைக் கண்டது அப்போதுதான். அந்தப் பெண் படலைக்கு வெளியே போய்ச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விரைந்து நடந்தாள்.

அப்படியே ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லப்பட்டது. சிலர் அவசரமாகச் சொன்னார்கள். ஒருவர் முன்னால் ‘அமரர்’ என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் புத்தகத்தைக் கொடுக்காமல் அவரைத் திரும்பச் சொல்ல வைத்தாள். நான் என் பிரதியை வாங்கியபோது எனக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள், அந்நியனுக்குச் சொல்வதுபோல. நான் வாசித்தேன். காலையில் நீருக்குள் நிற்கையில் வராத குரல் அப்போது வந்தது. அதனால் ஆன பயன் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

மருமகன் பந்தலின் காலைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி நின்றான். கூட்டம் குறைந்ததும் தாயிடம் வந்தான். அவளை உள்ளே கூட்டிப்போக நினைத்தான் போலும். “வாங்கோ அம்மா. இவ்வளவும் காணும்,” என்று கையைப் பிடித்தான்.

அவள் கையை விடுவித்து, இன்னொரு கல்வெட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து அவனிடம் நீட்டினாள்.

“நீயும் வாசி.”

அவன் தாளைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தான். “வாசிக்கிற கண்ணாடி வானுக்குள்ளை கிடக்கு, அம்மா.”

“போய் எடுத்துக்கொண்டு வா. நான் இதிலை நிக்கிறன்.”

அவன் ஒழுங்கையில் நிறுத்தியிருந்த வானை நோக்கி நடந்தான். அவள் புத்தகத்தை விரித்தபடியே, விரலை அந்த வரியில் வைத்தபடியே நின்றாள். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. வானின் கதவு திறக்கும் ஒலி கேட்டது. அது மூடும் ஒலி வெகுநேரம்வரை கேட்கவில்லை.